கொல்லத்துத் தராசு: செப்பேட்டில் ஒரு கூட்டாண்மை ஒப்பாவணம்

இரண்டு நண்பர்கள் சேர்ந்து கடை போட்டால், கடை ஓடினாலும் சண்டை, ஓடாவிட்டாலும் சண்டை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே தெருவில் வளர்ந்தவர்களுக்கே இந்த நிலைமை. அப்படியிருக்க நாடு, மொழி, மதம் எல்லாமே வேறான சில அமைப்புகள் ஒரே துறைமுகத்தில் கூட்டாகத் தொழில் நடத்த முடியுமா?

நடத்தியிருக்கிறார்கள். அதற்கான ஒப்பாவணம் செப்புத் தகடுகளில் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஆண்டு கி.பி. 849. இடம் கொல்லம்.

கொல்லம் ஏன் முக்கியம்?

9-ம் நூற்றாண்டில் உலக வணிகத்துக்கு இரண்டு பெரிய முனைகள் இருந்தன. மேற்கே பாக்தாத், கிழக்கே சீனா. இரண்டுக்கும் நடுவில், பருவக்காற்றுக்காகக் காத்திருக்கவும் குடிநீர் ஏற்றிக் கொள்ளவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடம்தான் கொல்லம். 851-ல் எழுதப்பட்ட ஓர் அரபுக் குறிப்பு, மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்குக் கப்பலில் சுமார் ஒரு மாதப் பயணம் என்கிறது. சீனாவுக்குப் போய்வரும் கப்பல்களிடம் அங்கே 1,000 திர்ஹம் வசூலித்தார்கள் என்றும், மற்றக் கப்பல்களுக்கு அதைவிடக் குறைவு என்றும் சொல்கிறது. போதாததற்கு, ஊருக்குப் பின்னால் மலைகளில் மிளகு!

துறைமுகம் இருந்தால் போதாது. வருகிற வணிகன் அடுத்த ஆண்டும் வரவேண்டும். கடல் கடந்து வந்தவனுக்கு அந்த ஊரில் சொந்தமில்லை, பந்தமில்லை. எடையில் ஏமாற்றினால் யாரிடம் போவான்? சுங்கம் அதிகம் வாங்கினால் யாரிடம் முறையிடுவான்? அரசனே அநியாயம் செய்தால்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் தந்த பதில்தான் இந்தச் செப்பேடு.

யார் யார் பங்காளிகள்?

சேரப் பெருமாள் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் இந்த ஆவணத்தை வழங்கினார். அது வட்டெழுத்தில் எழுதப்பட்டது. மொழி பழைய மலையாளம், ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பல சொற்கள் உடனே புரியும். அதில் வரும் தரப்புகள் இவை:

அரசு: அய்யனடிகளும் அவருடைய அதிகாரிகளும்.

அஞ்சுவண்ணம்: மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி எனப் பலரும் இதில் இருந்தார்கள். 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லே இப்படி ஆனது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

மணிக்கிராமம்: தென்னிந்திய வணிகர்களின் குழு. 'வணிக் கிராமம்' என்பதே மணிக்கிராமம் ஆயிற்று என்பார்கள்.

தரிசாப்பள்ளி: கொல்லத்திலிருந்த கிறிஸ்தவ தேவாலயம். இதன் சார்பில் முன்னால் நின்றவர் மருவான் சபீர் ஈசோ. பட்டினத்தை நிறுவி, நீர்வார்த்துக் கொடை பெற்றவர் என்று செப்பேடு இவரைக் குறிப்பிடுகிறது.

இவர்களோடு அறுநூற்றுவர் என்ற நாட்டுப் படைக்குழுவும் உண்டு. ஆக, கப்பல் ஒருவரிடம், உள்நாட்டுச் சரக்கு ஒருவரிடம், நிலமும் அதிகாரமும் ஒருவரிடம், ஆயுதம் ஒருவரிடம். தனியாக யாராலும் துறைமுகத்தை நடத்த முடியாது. கூட்டு பிறந்தது அன்பினால் அல்ல, இந்தத் தேவையினால்தான்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

வணிகவியல் மாணவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

முதலாவது, வேலைப் பிரிவினை. அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பட்டினத்தின் காராளர்கள், அதாவது நிர்வாகப் பொறுப்புள்ளவர்கள். நாள்தோறும் வசூலாகும் சுங்கத்தை வாங்கி முத்திரையிட்டு வைப்பது அவர்களுடைய வேலை. ஆனால் ஊரின் தராசும் எடைகளும் அவர்களிடம் இல்லை! அவை பள்ளியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. பணம் ஒரு கையில், தராசு இன்னொரு கையில். ஒருவர் தவறு செய்ய நினைத்தால் மற்றவருக்குத் தெரியாமல் செய்ய முடியாது. கணக்கியல் வகுப்பில் 'இன்டர்னல் செக்' என்று படிக்கிறோமே, அதேதான்.

இரண்டாவது, கலந்து பேசும் கடமை. சரக்குகளுக்கு விலை வைப்பதும் அரசு சார்ந்த மற்ற காரியங்களும் இவர்களைச் சேர்த்துக் கொண்டே நடக்க வேண்டும். விலையைத் தனியாக முடிவு செய்யும் அதிகாரத்தை அரசு தானாகவே விட்டுக் கொடுத்தது.

மூன்றாவது, உள்விவகாரம். பள்ளியைச் சேர்ந்தவர்கள் குற்றம் செய்தால் விசாரிக்க வேண்டியது பள்ளியே. கூட்டில் சேர்ந்ததால் யாரும் தங்கள் அடையாளத்தை இழக்கவில்லை.

நான்காவது, பாதுகாப்பு. பள்ளிக்கும் அதன் நிலத்துக்கும் இடையூறு வந்தால் அறுநூற்றுவரும் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் காக்க வேண்டும். கிறிஸ்தவ தேவாலயத்தைக் காக்கும் பொறுப்பு மற்ற மதத்தினர் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது விதிதான் மிக மிக முக்கியம். தங்களுக்கு அநியாயம் நேர்ந்தால், அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சுங்கத்தையும் எடைக்கூலியையும் நிறுத்தி வைத்து, அந்த அநியாயத்தைத் தீர்த்துக் கொள்ளலாம்! வரி கட்ட மறுக்கும் உரிமையை ஓர் அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. பலமான பங்காளி பலவீனமான பங்காளியின் கையில் ஒரு பிடியைக் கொடுத்தால்தான் கூட்டு நிலைக்கும் என்பதை அய்யனடிகள் புரிந்து வைத்திருந்தார் என்றே தோன்றுகிறது.

சாட்சிக் கையெழுத்து

செப்பேட்டின் கடைசியில் சுமார் 25 சாட்சிகளின் பெயர்கள் உள்ளன. சிலர் கூஃபி வகை அரபு எழுத்திலும், சிலர் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்திலும், சிலர் ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியிலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆவணம் ஒரு தேவாலயத்துக்கு, வழங்கியவர் ஓர் இந்து அரசர், சாட்சிகளில் முஸ்லிம்களும் யூதர்களும் பார்சிகளும்! நாளை தகராறு வந்தால் எந்தத் தரப்பும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு காலம் நிலைத்தது?

சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதாத சாசனம் குறைவு. அவற்றில் பல அடுத்த தலைமுறையைக் கூடப் பார்த்ததில்லை. கொல்லம் வேறு விதம். 14-ம் நூற்றாண்டின் நடுவில் போப்பாண்டவரின் தூதராகச் சீனாவுக்குப் போய்த் திரும்பிய மரிஞோலி என்ற இத்தாலியத் துறவி கொல்லத்தில் தங்கினார். ஊரின் பொதுத் தராசு அங்குள்ள கிறிஸ்தவர்களிடம் இருப்பதாகவும், அந்த வருமானத்திலிருந்து தனக்கு மாதம் 100 பொன் பணம் கிடைத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்தும் தராசு அதே சமூகத்தாரின் கையில்!

இந்த முறை கொல்லத்தோடு நிற்கவுமில்லை. இன்றைய தாய்லாந்திலுள்ள தகுவாபாவில் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. அதைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமத்தாரும் படை முகாமில் இருந்தவர்களும் ஏற்றார்கள். சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் 1088-ம் ஆண்டு ஐந்நூற்றுவர் குழு நிறுத்திய கல்வெட்டு, அங்கே வரும் கப்பல்காரர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது. போன இடமெல்லாம் விதியை எழுதி வைத்தார்கள்.

விதியை மதிக்காத பங்காளி

இதற்கு நேர்மாறான கதையும் அதே கொல்லத்தில் நடந்தது. 1503-ல் போர்ச்சுக்கீசியர்கள் அங்கே பண்டகசாலை வைக்க அனுமதி பெற்றார்கள். மிளகு தங்களுக்கே முதலில் வேண்டும் என்று நினைத்தார்கள். 1505-ல் துறைமுகத்தில் நின்ற அரபுக் கப்பல்களின் பாய்களையும் சுக்கான்களையும் பிடுங்கி வைத்தார்கள். ஊர் கொந்தளித்தது. தேவாலயத்தில் ஒளிந்த அவர்களுடைய பண்டகசாலை அதிகாரியும் கூட்டாளிகளும் கொல்லப்பட்டார்கள். பல நூற்றாண்டுகளாகப் பல தரப்பினர் பங்கு போட்டு வாழ்ந்த துறைமுகத்தில், ஒரே ஆளாக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பார்த்ததன் விலை அது.

கையெழுத்துப் போடாதவர்கள்

இவ்வளவு நல்லதைச் சொன்னபின் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அதே செப்பேட்டில் பள்ளிக்குக் கொடையாக நிலம் மட்டும் தரப்படவில்லை. ஈழவர், வண்ணார், தச்சர், வேளாளர் குடும்பங்களும் சேர்த்துத் தரப்பட்டன. நிலத்தை உழுதவர்கள், கள் இறக்கியவர்கள், துணி வெளுத்தவர்கள். துறைமுகம் இயங்க அவர்களுடைய உழைப்பும் தேவைப்பட்டது. ஆனால் ஒப்பந்தத்தில் அவர்கள் பங்காளிகள் அல்ல, பட்டியலில் உள்ள சொத்து. சாட்சிகளிலும் அவர்கள் இல்லை. அநியாயம் நேர்ந்தால் எதையாவது நிறுத்தி வைக்கும் உரிமை அவர்களுக்கு எழுதப்படவில்லை.

எனவே ஒரு கூட்டு வெற்றி பெற்றதா என்று கேட்கும்போது, யாருக்கு வெற்றி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்றும் இரண்டு நிறுவனங்கள் கைகுலுக்கிக் கொள்ளும் புகைப்படம் செய்தித்தாளில் வருகிறது. அந்தப் படத்தில் இல்லாத தொழிலாளிக்கும் சிறு சப்ளையருக்கும் அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

தகடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ள திருச்சபைகளின் பாதுகாப்பில் இருக்கின்றன. அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் மறைந்துவிட்டன. ஆனால் பணத்தையும் தராசையும் ஒரே கையில் கொடுக்காதே, பங்காளிக்குத் தட்டிக் கேட்கும் உரிமையை எழுத்தில் கொடு என்று அவர்கள் விட்டுச் சென்ற பாடம் பழசாகவில்லை. அந்த உரிமையை, கையெழுத்துப் போட வராதவர்களுக்கும் எழுதித் தர வேண்டும் என்பது அவர்கள் படிக்காமல் விட்ட பாடம்.