பசித்தவர் யார் என்று தீர்மானித்த பெண்கள்

1983-இல் என்.டி. ராமராவ் ஆந்திரத்தில் கிலோ அரிசியை 2 ரூபாய்க்குக் கொடுத்தார். அது நமக்குத் தெரியும். அதே மாநிலத்தின் மேடக் மாவட்டத்தில், ஜஹீராபாத் பகுதியில் (இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம்) தலித் பெண்கள் நடத்திய ரேஷனைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மலிவு அரிசி பசியாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அது அந்த மண்ணில் விளையாத தானியம். அரசு தலித்துகளுக்குக் கொடுத்த நிலமோ கல்லும் சரளையுமான மானாவாரி நிலம். அதைத் திருத்த முதல் இல்லை. அரிசியும் கடையில் மலிவு. நிலம் தரிசானது. சோளமும் தினையும் போனதோடு, விதை காத்துவந்த பெண்ணுக்கு வீட்டில் இருந்த சொல்லும் போனது.

1983-இல் தொடங்கிய டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி, ஊர்தோறும் பெண்கள் சங்கங்களை அமைத்தது. தொடங்கியவர்கள் வெளியிலிருந்து வந்த படித்தவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. சங்கத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் கூலிப் பெண்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். சாம்பலும் வேப்பிலையும் போட்டு, சாணம் மெழுகிய கூடைகளில் விதைகளைச் சேமித்தார்கள்.

1990-களின் நடுவில் தங்களுக்கென ஒரு ரேஷனையே உருவாக்கினார்கள். தரிசை உழ சங்கம் கடன் கொடுக்கும். விவசாயி அதைப் பணமாகத் தராமல் சோளமாகத் திருப்பித் தருவார். தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வேலையில்லாத பஞ்ச மாதங்களில் குறைந்த விலைக்கு விற்கப்படும். யாருக்கு எவ்வளவு? இங்கேதான் தோழர்களே, கவனியுங்கள். வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஊர் நடுவே தரையில் கோலப்பொடியால் வரைபடம் போட்டு, எந்த வீட்டில் எவ்வளவு பசி என்று எல்லோர் முன்னிலையிலும் பேசி வரிசைப்படுத்தினார்கள். மிக வறிய வீட்டுக்கு அதிகப் பங்கு. நேற்றுவரை கூலிக்காகக் கைகட்டி நின்ற பெண்கள், ஊரின் பட்டியலை எழுதினார்கள்.

2019-இல் இந்தச் சங்கங்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது. சேரிச் சோறு என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட சிறுதானியம், இன்று நகரத்துக் கடைகளில் அரிசியைவிட விலை அதிகம் என்பது தனிக்கதை.

2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியத்தை கிலோ 1 ரூபாய்க்குத் தரலாம் என்றது. 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்றும் சொன்னது. எந்தக் குடும்பத்துக்கு அட்டை என்பதைத் தீர்மானிக்கும் வேலையை மட்டும் மாநில அரசிடம் விட்டது.