நாடு மறைந்தபின் நின்ற எண்

ஒவ்வொரு நாட்டையும் ஒன்று முதல் மூன்று இலக்கங்கள் கொண்ட குறியீட்டு எண்ணால் சுட்டும் முறையை, உலகை ஒன்பது மண்டலங்களாகப் பகுத்து, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆலோசனைக் குழு 1964-இல் வகுத்தது. அழைப்பவர் சுழற்றும் முழு எண் வரம்பைத் தாண்டலாகாது என்பதால், பெரிய வலைப்பின்னல்களுக்கே குறுகிய குறியீடுகள் வாய்த்தன; வட அமெரிக்கா 1-ஐயும் சோவியத் ஒன்றியம் 7-ஐயும் பெற, இந்தியாவுக்கு 91 வந்தது. அழைப்பு வெளிநாட்டுக்கானது என்று இணைப்பகத்துக்கு உணர்த்தும் முன்னொட்டு எண்ணோ அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டதால், பிரிட்டன் 1995 வரை 010-ஐ விடவில்லை. அரசியல் மாற்றங்கள் இவ்வெண்களில் வரைபடத்துக்கு நிகராகவே பதிந்துள்ளன: 1990-இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபின், கிழக்கு ஜெர்மனிக்குரிய 37 கைவிடப்பட, அதை மூவிலக்கக் குறியீடுகளாகப் பிளந்து, 7-இன் கீழிருந்து விடுபட்ட லித்துவேனியாவுக்கு 370, லாட்வியாவுக்கு 371, எஸ்தோனியாவுக்கு 372 என வழங்கினர்.