செலவைப் பகிர்ந்த ஊர்கள்: கடலூர் வட்டாரத்தில் உள்ளாட்சிக் கூட்டுச் சேவைகளின் வரலாறு

கெடிலத்தின் வடகரையில் மஞ்சக்குப்பம். தென்பால் பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிய திருப்பாதிரிப்புலியூர். அதற்கும் தெற்கே உப்பனாற்றங்கரையில் துறைமுகப் பழைய நகரம். ஒன்று கலெக்டர் கச்சேரி இருந்த ஊர், ஒன்று கோயிலூர், ஒன்று கப்பல் வணிகம் நடந்த ஊர். இவற்றுக்குள் தொழில் வேறு, மக்கள் வேறு, நடுவில் ஆறு வேறு. 1866-இல் கடலூர் நகராட்சி உருவானபோது இவற்றைப் புதுப்பாளையத்தோடு சேர்த்து ஒரே வரிப்பதிவேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று ‘கடலூர்’ என்று ஒரே பெயரில் சொல்லும் நகரம், பல ஊர்கள் தங்கள் துப்புரவுக்கும் விளக்குக்கும் சாலைக்கும் ஒரே கஜானாவிலிருந்து செலவு செய்ய வைக்கப்பட்டதன் விளைவு.

உள்ளாட்சிகள் செலவு நெருக்கடியைச் சமாளிக்க ஒன்றுக்கொன்று சேவைகளைப் பகிர்ந்துகொள்வது அண்மைக்கால மேலாண்மை உத்தி என்றே பொதுவாக எழுதப்படுகிறது. பிரிட்டனில் 2010-க்குப் பிந்தைய சிக்கன ஆண்டுகளில் லண்டன் பெருநகர மன்றங்கள் மூன்று தம் துறைகளை இணைத்துக்கொண்டதை அதற்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் பதிவுகளைப் பார்த்தால் இங்கே அந்தப் பழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது இருப்பது தெரிகிறது. ஆனால் இங்கே அது வேறு விதமாக வளர்ந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கூடிப் பேசிச் செலவைப் பகிர்ந்துகொண்டது மிக அரிது. பணம் தட்டுப்படும்போதெல்லாம் மேலிருந்த அரசு ஊர்களைச் சேர்த்து வைத்தது. இந்த வேறுபாட்டின் விலை என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பற்றாக்குறையில் பிறந்த உள்ளாட்சி

1865-இல் சென்னை மாகாணத்தில் வந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தை மக்களாட்சிக் கனவு என்று சொல்ல முடியாது. 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கடன் ஏறியிருந்தது. நகரங்களில் நிறுத்திய காவல் படையின் செலவில் பெரும்பங்கை அந்தந்த நகரத்தாரே வரியாகத் தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. சாலையும் துப்புரவும் மிஞ்சியதில் நடக்க வேண்டியவை. அப்படிப் பார்த்தால் கடலூரின் நான்கு பகுதிகளைச் சேர்த்ததில் ஒரு கணக்கு இருந்தது: கோயிலூர் ஒன்று மட்டும் தாங்க முடியாத செலவை, துறைமுக வணிகரும் மஞ்சக்குப்பத்து வீட்டுக்காரரும் சேர்ந்தால் தாங்கலாம். சிதம்பரம் 1873-இல் நகராட்சியானது.

கிராமப்புறத்தில் இதே தர்க்கம் இன்னும் வெளிப்படையாக வேலை செய்தது. 1870-இல் வைஸ்ராய் மேயோ, மத்திய வரவு செலவில் விழுந்த துண்டைச் சரிக்கட்டக் கல்வி, மருத்துவம், சாலை போன்ற துறைகளை மாகாணங்களிடம் தள்ளினார். கூடவே போதிய பணம் தரவில்லை. மாகாணங்கள் அந்தச் சுமையை இன்னும் கீழே இறக்கின. சென்னையின் 1871 உள்ளாட்சி நிதிச் சட்டம் நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஓர் அணா வரை சாலைத் தீர்வை விதிக்க வழி செய்தது. அதே சட்டம் சில கிராமங்களைச் சேர்த்து ஒரு ‘யூனியன்’ ஆக்கி, வீட்டு வரி வாங்கி, அந்தப் பணத்தில் பள்ளி நடத்தவும் இடம் கொடுத்தது. தனித்தனியாக வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத ஊர்கள் சேர்ந்து ஒரு பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே சட்ட வடிவம் பெற்றது. வைஸ்ராய் ரிப்பனின் உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884 சட்டம் இதை மூன்றடுக்காக்கியது: ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கிராம யூனியன்.

இங்கிலாந்தில் 1834-இலேயே ஏழையர் சட்டத்தின் கீழ் திருச்சபைப் பங்குகளைக் கூட்டி யூனியன்கள் ஆக்கியிருந்தார்கள். சென்னை அதிகாரிகளுக்கு அந்த அமைப்பு பழக்கமானதே. பிரான்சு வேறு வழி எடுத்தது. 1890 மார்ச்சில் வந்த சட்டம் அங்குள்ள சிற்றூர் மன்றங்கள் தாமாக முன்வந்து கூட்டமைப்பு ஏற்படுத்திக்கொள்ளலாம் என்றது. பின்னாளில் தண்ணீரும் மின்சாரமும் அத்தகைய கூட்டமைப்புகள் வழியாகவே பல ஊர்களுக்குப் போயின. அங்கே சேர்வதா என்று தீர்மானித்தது ஊர் மன்றம். இங்கே கலெக்டர். அடுத்து வந்த எல்லாவற்றையும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

தஞ்சையின் ரயிலும் தென்னார்க்காட்டின் போர்டும்

கொள்ளிடத்துக்கு அப்பால், தஞ்சாவூர் ஜில்லா போர்டு செய்த ஒரு காரியத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். நிலவரியோடு சேர்த்து ரயில் தீர்வை ஒன்று வாங்கி, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை அந்தப் போர்டு தண்டவாளம் போட்டது. 1894-இல் வண்டி ஓடியது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டுக்குச் சொந்தமான முதல் ரயில்பாதை அதுதான். பாதை போர்டுக்குச் சொந்தம்; வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. எஞ்சின், ஓட்டுநர், பணிமனை, டிக்கெட் எல்லாம் கம்பெனியுடையவை. போர்டு தனியே ரயில் துறை நடத்தவில்லை. ஏற்கெனவே அந்த வேலையில் தேர்ந்த அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. முதலீட்டின் மீதான உரிமை கையை விட்டுப் போகாமல் நடைமுறைச் செலவு மட்டும் குறைந்தது. அறுபது ஆண்டு கழித்து, 1954-இல் கலிபோர்னியாவில் லேக்வுட் என்ற புதிய நகரம் தன் காவல் முதல் சாலை வரை எல்லாவற்றையும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. பொது நிர்வாகப் பாடநூல்கள் அதையே கூட்டுச் சேவையின் தொடக்கமாகப் பேசுகின்றன. மாயவரத்துக்காரர்கள் அதை முன்பே செய்து பார்த்திருந்தார்கள்.

கடலூரும் சிதம்பரமும் அடங்கிய தென்னார்க்காட்டு ஜில்லா போர்டு இந்த அளவுக்குப் போனதில்லை. சாலை, சத்திரம், மருந்தகம், பள்ளி என்று வழக்கமான வேலைகளே அதன் கையில் இருந்தன. 1934-இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டு, கடலூர், சிதம்பரம் தாலுகாக்களின் வேலையும் ஜில்லா போர்டிடம் வந்து சேர்ந்தது. பெருமந்தத்தின் நடுவே நடந்த மாற்றம் அது. அலுவலகங்கள் குறைந்தன. ஆனால் சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தான் தன் சாலைக்கு மனுக் கொடுக்க அதற்குமுன் போய்வந்த இடத்தைவிடத் தொலைவுக்குப் போக வேண்டியதாயிற்று.

1920-இன் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் நகராட்சிகள் பக்கத்து உள்ளாட்சிகளுடன் கூட்டுக் குழு அமைத்துக்கொள்ள வழி இருந்தது. இரண்டு மன்றங்கள் கூடி ஒரு பொதுச் சந்தையையோ ஒரு குப்பைக் கிடங்கையோ நடத்த வேண்டுமானால் சட்டம் தடுக்கவில்லை. அந்தப் பிரிவு உயிரோடு இருந்தும் அன்றாட நடைமுறைக்கு வரவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிக வருத்தம் தருவது இதுதான்.

ஒன்றியம் என்னும் பெரிய பகிர்வு

சுதந்திரத்துக்குப் பின் நடந்த மிகப் பெரிய மாற்றம் 1958-இன் பஞ்சாயத்துச் சட்டம். ஜில்லா போர்டுகள் கலைந்தன. சமூக முன்னேற்ற வட்டாரங்களையொட்டி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. 1961-க்குள் மாநிலம் முழுவதும் பரவின. ஆரம்பப் பள்ளி, தாய்சேய் நல விடுதி, ஒன்றியச் சாலை எல்லாம் இவற்றின் பொறுப்பு. குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி என்று இன்று நாம் சொல்லும் ஒன்றியப் பெயர்கள் இந்த ஏற்பாட்டில் நிலைத்தவை.

நிதி ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. நிலவரியோடு வாங்கிய உள்ளூர் தீர்வை ஒன்றியத்துக்குப் போயிற்று. ஊராட்சி வசூலித்த வீட்டு வரிக்கு ஈடாக அரசு அதே அளவு மானியம் கொடுத்தது. சோம்பேறி ஊராட்சியைத் தட்டி எழுப்பும் நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆனால் ஓலைக் குடிசைகளே நிறைந்த ஊருக்கு எவ்வளவு முயன்றாலும் வரியும் குறைவு, மானியமும் குறைவு. வசதியான ஊருக்கு இரண்டும் கூடுதல்.

இதைவிட அன்றாட வாழ்வில் ஆழமான பகிர்வு ஒன்று உண்டு. ஒரு ஊராட்சியால் பொறியாளரை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றியத்தின் பொறியாளரும் ஓவர்சியரும் பல ஊராட்சிகளுக்கு மதிப்பீடு போட்டு, அளவெடுத்து, அளவுப் புத்தகத்தில் எழுதித் தருகிறார்கள். வட்டார வளர்ச்சி அலுவலரின் கீழ் இருக்கும் கணக்குப் பிரிவும் அப்படியே. மேலாண்மை நூல்கள் ‘பின்னலுவலகப் பகிர்வு’ என்று புதிதாகப் பேசுவதை நம் ஒன்றிய அலுவலகங்கள் 60 ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. குறை ஒன்று: அந்த ஓவர்சியருக்கு ஊராட்சித் தலைவர் எசமானர் அல்ல. தன் ஊர் வேலை முந்த வேண்டுமென்று தலைவர் கேட்கலாம், கட்டளையிட முடியாது. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராக்கப்பட்டார்கள். ஆசிரியர்களுக்கு அது பெரும் பாதுகாப்பு. ஒன்றியங்களுக்குச் சம்பளப் பாரம் நீங்கியது. பள்ளியின் மீதிருந்த பிடியும் கூடவே நீங்கியது.

தண்ணீரும் கணக்கு எண் இரண்டும்

பகிர்வுச் சேவைக்குத் தமிழ்நாட்டில் மக்கள் நன்கறிந்த பெயர் ‘கூட்டுக் குடிநீர்த் திட்டம்’. 1971 ஏப்ரல் 14-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் செயல்படத் தொடங்கியது. ஆற்றுப் படுகையில் உறை கிணறு, அங்கிருந்து நீரேற்று நிலையம், குழாய், வழிநெடுக உள்ள பல ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகள் என்பது அதன் அமைப்பு. எந்த ஊராட்சியாலும் தனியே போட முடியாத முதலீடு இது. கிணறு உப்பாகிப்போன கடலோரக் கிராமங்களுக்கு இது இல்லையேல் வாழ்வில்லை.

ஆனால் கட்டணம் கட்டுவது ஊராட்சி. தொட்டியை நிரப்பும் மோட்டாருக்கு மின்கட்டணம், வாரியத்துக்குக் குடிநீர்க் கட்டணம் இரண்டும் ஆண்டுதோறும் ஏறுகின்றன. குழாய் வரியாக வாங்குவது அவற்றின் சிறு பகுதியே. பாக்கி குவிந்தது. அரசு கண்ட தீர்வு, ஊராட்சியின் பணத்தைத் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து, கணக்கு எண் 2-ஐ மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் செலுத்துவதற்கென்றே ஒதுக்கியது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று மேடையில் சொல்கிறோம். அதில் ஒரு பகுதி ஊராட்சியின் பெயரில் வந்து, ஊராட்சி மன்றம் அதைப் பற்றி விவாதிக்குமுன் வேறு இரு நிறுவனங்களுக்குப் போய்விடுகிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும் இடத்தில் ஊராட்சிக்கு நாற்காலி இல்லை.

சிதம்பரம் நகராட்சி இன்னும் வக்காரமாரி நீர்த்தேக்கத்தைத் தன் பொறுப்பில் வைத்துக் குடிநீர் எடுக்கிறது. அதே வட்டாரத்தின் வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அளவிலான திட்டத்தில் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி அது. சென்னைக்குத் தாகம் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு உள்ளாட்சிப் பகுதிகளுக்கிடையே வளம் இவ்வளவு பெரிதாகப் பகிரப்படும்போது, ஏரிக்கரை ஊராட்சிகள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

கடனையும் பகிர்ந்தது

2002-இல் நடந்த ஒரு முயற்சி இந்தப் போக்கிலிருந்து சற்று விலகியது. சிறு நகராட்சி தனியே பத்திரம் வெளியிட்டால் வாங்க ஆள் வராது. 1996-இல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் துணையோடு ‘குடிநீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியம்’ அமைந்தது. அம்பத்தூர், தாம்பரம், மாதவரம் உள்ளிட்ட 13 நகர உள்ளாட்சிகளுக்காக 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 9.2 சதவீதம், காலம் 15 ஆண்டு. அமெரிக்க வளர்ச்சி முகமை கடனின் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. ஒரு நகராட்சி தவணை தவறினால் அதன் அரசு மானியத்திலிருந்து பிடித்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்கும் சீட்டுக் குழு போன்ற இந்த ஏற்பாடு இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. கடலூர் போன்ற தொலைமாவட்ட நகரங்களுக்கு அது வழக்கமான வழியாக மாறவில்லை.

இன்றைய கடலூர்

கடலூர் மாவட்டத்தில் இப்போது ஒரு மாநகராட்சி, 6 நகராட்சிகள், 14 பேரூராட்சிகள், 14 ஒன்றியங்கள், 683 ஊராட்சிகள். 2011 கணக்கில் 1.73 லட்சம் பேர் இருந்த கடலூர், 2021-இல் மாநகராட்சி ஆக்கப்பட்டு, 2022 பிப்ரவரித் தேர்தலில் 45 வார்டு மன்றம் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. அப்படியும் வரவு போதவில்லை. ஊராட்சிகளையோ 2016 முதல் 2019 இறுதி வரை தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தினார்கள்; அந்தக் காலத்தில் மத்திய நிதி ஆணைய மானியமும் தடைபட்டது. கூட்டு முயற்சியைத் தொடங்க வேண்டிய மன்றங்களே இல்லாத ஆண்டுகள் அவை.

பணத்தட்டுப்பாட்டுக்கு இன்று அரசு வைக்கும் மருந்து இணைப்பு: ஓரத்து ஊராட்சிகளை நகரத்தோடு சேர்த்துவிடுவது. இணைந்தால் சொத்து வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று கிராமத்தார் எதிர்க்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. இணைப்பு ஒன்றே வழி என்பதும் சரியல்ல. சிதம்பரத்தை ஒட்டி, பல்கலைக்கழகத்தைச் சுற்றிய அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. தெருவைக் கடந்தால் எல்லை மாறுகிறது. இரண்டும் ஒரே குப்பை வண்டிப் பாதையையும் ஒரே உரக்கிடங்கையும் வைத்துக்கொள்ள, ஒன்று மற்றொன்றை விழுங்க வேண்டியதில்லை.

ஊர்கள் உதவிக்கொள்ள மனமில்லாதவை என்றும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இம்மாவட்டத்தைச் சாய்த்துப் போட்டபோது பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். 2015 வெள்ளத்திலும் வெளியூர்த் தூய்மைப் பணியாளர்கள் சேறு அள்ளினார்கள். ஆபத்தில் இயல்பாக நடப்பது, நல்ல நாளில் ஒரு கோப்பாகக்கூடத் தொடங்குவதில்லை.

ஒன்றரை நூற்றாண்டைக் கணக்குப் பார்த்தால், சேர்ந்து செலவு செய்ததில் இந்த வட்டாரம் மெய்யாகவே பயன் பெற்றிருக்கிறது: பள்ளி வந்தது, சாலை வந்தது, கடலோரத்துக்கு நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கும் உரிமை ஒரு படி மேலே போனது. தஞ்சாவூர் போர்டு மட்டுமே உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைப் பகிர்ந்தது. கடலூர் மாநகராட்சியும் அதன் எல்லையோர ஊராட்சிகளும் முதலில் செய்ய வேண்டியது, குப்பைக்கும் கெடிலக் கரைப் பராமரிப்புக்கும் ஒரு கூட்டுக் குழு அமைத்து, அதற்கெனத் தனி வரவு செலவுத் திட்டம் போட்டு, அதைக் கிராம சபையிலும் மாநகராட்சி மன்றத்திலும் ஒரே மாதத்தில் வைத்து ஒப்புதல் பெறுவது. குடிநீர்க் கட்டணத்தை முடிவு செய்யும் இடத்தில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை தர வேண்டியது அரசின் கடமை.