வெல்லத்தின் நிறம்: குமரப்பாவின் வாசிப்பும் கொங்கு நாட்டுச் சான்றுகளும்

உணவுக்குள் ரசாயனம் நுழைந்த வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா போட்ட பாதையிலேயே நடக்கிறோம். மில் கெடுத்தது, கிராமம் காத்தது என்பதே அந்தப் பாதை. பின்னால் வந்த இயற்கை வேளாண் இயக்கமும் பெரிதும் அதையே பின்பற்றியது. நெல்லைப் பொறுத்தவரை இந்த வாசிப்போடு எனக்குச் சண்டையில்லை. தீட்டிய அரிசியின் கதையில் அவர் சொன்னது சரி. ஆனால் வெல்லத்தின் கதையில், அதிலும் ஈரோடு, திருப்பூர், நாமக்கல் வட்டாரங்களின் வெல்லக் கதையில், இந்த வாசிப்பு முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது.

முதலில் குமரப்பாவுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். 1932ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன் இந்தியாவில் முப்பது சொச்சம் சர்க்கரை மில்களே இருந்தன. நான்கைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 130ஐத் தாண்டியது. அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் 1934 டிசம்பரில் தொடங்கி, குமரப்பா அதன் செயலாளராகப் பொறுப்பேற்றது இந்த வெள்ளத்தின் நடுவில்தான். கரும்புச்சாற்றின் தாதுக்களை நீக்கிவிட்டு வெறும் இனிப்பை விற்கும் மில் சர்க்கரைக்கு எதிராக அவர் வெல்லத்தை நிறுத்தினார். கரும்பைவிடப் பனையை உயர்த்திப் பேசியதற்கும் காரணம் வைத்திருந்தார். பனை தரிசில் நிற்கும், தானியம் விளையும் நஞ்சையைப் பிடிக்காது. இவையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னவை, வெறும் பழமைப் பற்று என்று தள்ள முடியாது.

அவர் எழுத்தில் இரண்டு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, உற்பத்தியின் அளவு பற்றியது: பெரிய இயந்திரம் உணவின் சத்தைப் பறிக்கிறது. மற்றது, தூரம் பற்றியது. ஒரு பொருள் எப்படி உண்டானது என்று அறிவது வாங்குபவரின் கடமை, சந்தை விரிய விரிய அந்தக் கடமையைச் செய்ய முடியாமல் போகிறது என்பது 1945இல் வந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ வரை அவர் விடாமல் பிடித்திருந்த கருத்து. இந்த இரண்டையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக அவர் பார்த்தார். உற்பத்தி கிராமத்துக்குத் திரும்பினால் தூரமும் குறைந்துவிடும் என்று எடுத்துக்கொண்டார். நான் மறுப்பது இந்த ஒரு முடிச்சைத்தான்.

கொங்கு நாட்டில் வெல்ல உற்பத்தி கிராமத்தை விட்டு நகரவே இல்லை. கரும்பாலை இன்றும் தோட்டத்து ஓரத்தில்தான் இருக்கிறது. சாறு பிழிவது, சக்கையைக் காயவைத்து அடுப்பெரிப்பது, கொப்பரையில் பாகு பதம் பார்ப்பது, அச்சில் வார்ப்பது எல்லாம் சில குடும்பங்களின் வேலை. குமரப்பா கேட்ட அளவுக்கு உற்பத்தி சிறியதாகவே இருந்தது. ஆனாலும் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இதே கரும்பாலைக் கொட்டாய்களில் நிறம் வெளுக்கும் ஹைட்ரோஸ், சூப்பர் பாஸ்பேட், மைதா, மூட்டை மூட்டையாக வெள்ளைச் சர்க்கரை ஆகியவற்றைப் பிடிப்பது ஆண்டுதோறும் வரும் செய்தியாகிவிட்டது. உற்பத்தி சிறிதாக இருந்தும் தூரம் கூடியிருக்கிறது. அது எந்த வழியாகக் கூடியது?

இங்கே ஒரு சட்டப் பத்தியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் வெல்லத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 2011 ஒழுங்குமுறைகளும் அதைப் பெரிதும் அப்படியே எடுத்துக்கொண்டன. மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சுக்ரோஸ் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நீரில் கரையாத அந்நியப் பொருள் 2 சதவீதத்தையும், மொத்தச் சாம்பல் 6 சதவீதத்தையும், கட்டி வெல்லத்தில் ஈரம் 10 சதவீதத்தையும் மீறக் கூடாது. தெளிவிக்கச் சோடா உப்பு சேர்த்தால் அது உணவுத் தரத்தில் இருக்க வேண்டும்.

இந்த எண்கள் யாரைக் குற்றவாளியாகக் கற்பனை செய்கின்றன என்று பாருங்கள். மண்ணைச் சேர்ப்பவரை, கழிவுப்பாகைச் சேர்ப்பவரை, ஈரத்தோடு எடை ஏற்றுபவரை. அதாவது இனிப்பைக் குறைப்பவரை. வெள்ளைச் சர்க்கரையை எடுத்துக் கொப்பரையில் கொட்டுபவரை இந்தப் பத்தி கற்பனையே செய்யவில்லை. அவர் கொட்டுவது ஏறத்தாழ முழுக்க சுக்ரோஸ். கொட்டியதும் மொத்தச் சர்க்கரை ஏறும், சாம்பல் இறங்கும், கரையாத பொருள் இறங்கும். பத்தியின் ஒவ்வொரு வரம்புக்குள்ளும் கலப்பட வெல்லம் நல்ல வெல்லத்தைவிட எளிதாக அடங்கும். சாம்பல் என்று ஆய்வுக்கூடம் அளப்பதில் பெரும்பகுதி, குமரப்பா போற்றிய அதே தாதுக்கள்தாம். அவை குறையக் குறைய மாதிரி அதிகத் தூய்மையானதாகத் தெரியும். மில் சர்க்கரைக்குப் பொருந்தும் தூய்மைக் கருத்து வெல்லத்தின் இலக்கணத்துக்குள் குடியேறியதாகவே இதை நான் வாசிக்கிறேன். மில்லுக்கு மாற்று என்று குமரப்பா நிறுத்திய பண்டத்துக்குள் மில் சர்க்கரையே ஒளிந்துகொள்ளும் நிலை அவர் எண்ணிப் பார்த்திருக்கக்கூடியது அல்ல. ரேஷன் சர்க்கரை கிலோ 25 ரூபாய் என்னும்போது அந்தக் கலப்படத்துக்கான லாபக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஹைட்ரோஸ் வேறு வகை. சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்னும் இந்த வெண்பொடியைக் கெடாத நிலையில் தயாரித்து விற்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் கண்டது. அதன் முதன்மைப் பயன் துணிச் சாயத்தில்: அவுரி போன்ற தொட்டிச் சாயங்களைக் கரைத்து நூலில் ஏற்ற அது வேண்டும். கொதிக்கும் பாகில் ஒரு கைப்பிடி விழுந்தால் பழுப்பு மறைந்து மஞ்சள் தெளியும். சில வாரங்கள் காற்றுப் பட்டால் நிறம் மறுபடி கறுக்கத் தொடங்கும்.

இது கொங்குக் கொப்பரைக்கு எங்கிருந்து வந்தது? சாயப்பட்டறையிலிருந்து என்பதே என் முடிவு. நேரடி ஆவணம் இதற்குக் கையில் இல்லை, சூழல் சான்றுகளை வைத்தே சொல்கிறேன். ஈரோடு, பவானி, சென்னிமலை, திருப்பூர் ஆகிய ஊர்களில் நூல் தோய்க்கும் தொழிலும் வெல்லச் சந்தையும் ஒரே வண்டித் தடத்தில் இருந்தன. வெல்லம் ஏற்றிச் சென்ற விவசாயி சாயச் சாமான் விற்கும் கடையைத் தாண்டித்தான் ஊர் திரும்பினார். கந்தகப் புகையால் சாற்றை வெளுக்கும் மில் முறையைப் பார்த்து இது வந்திருக்கலாம் என்று எதிர்வாதம் சொல்லலாம். அதற்குக் கந்தக அடுப்பும் புகைக் குழாயும் வேண்டும், தோட்டத்துக் கொட்டாய்க்கு அது கட்டுப்படியாகாது. டப்பாவில் வாங்கி மடியில் கட்டிவரக்கூடிய பொருள்தான் இங்கே நுழைய முடியும். எந்த ஆண்டில் நுழைந்தது என்பதை இந்தச் சான்றுகளைக் கொண்டு நிறுவ முடியாது. கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனம் 1950களின் நடுவில் வந்து, கரும்புப் பரப்பும் செயற்கை உரமும் பெருகிய பிறகு என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தக் கால ஊகத்துக்கு ஒரு காரணம் உண்டு. வெல்லத்தின் நிறம் கொட்டாயில் தொடங்குவதில்லை, வயலில் தொடங்குகிறது. தழைச்சத்து மிகுந்தால், மண்ணிலோ நீரிலோ உப்பு ஏறினால், பாகு கறுத்து இளகும். பழைய முறையில் சுண்ணாம்பும் வெண்டைச் செடியின் கொழகொழச் சாறும் அழுக்கை மேலே தள்ளும், வயலின் கோளாறை மறைக்காது. ஹைட்ரோஸ் மறைத்துவிடும். ரசாயன உரம் வெல்லத்தில் எழுதிய குறிப்பை இன்னொரு ரசாயனம் அழித்தது என்றே சொல்வேன்.

அழிக்க வேண்டிய தேவையை உண்டாக்கியது ஏலம். சென்னை மாகாணத்தின் 1933ஆம் ஆண்டு வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் பருத்திக்காகத் திருப்பூரில் திறந்தது. எடை மோசடியிலிருந்து விவசாயியைக் காத்த நல்ல ஏற்பாடு அது. பின்னாளில் கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரையும், சித்தோட்டிலும் பிலிக்கல்பாளையத்திலும் வெல்லமும் ஏலத்துக்கு வந்தன. கேரளத்துக்கும் வடக்கேயும் போகும் 30 கிலோ சிப்பத்தை மண்டிக்காரர் நாக்கில் வைத்துத் தரம் பிரிக்க முடியாது. கண்ணால்தான் பிரிப்பார். நிறத்துக்கு விலை, கறுப்புக்குத் தள்ளுபடி. குமரப்பா பேசிய தூரம் இந்த இடத்தில்தான் விழுந்தது. அதை உண்டாக்கப் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை, ஒரு கண்மதிப்பு போதுமாக இருந்தது.

நுகர்வோரின் பக்கமும் இதே பழக்கம்தான். ரத்தினசபாபதி முதலியார் பெயரால் எழுந்த ஆர்.எஸ்.புரம், பிளேக்குக்குப் பின் நெரிசலை விட்டு விரிந்த கோவையின் திட்டமிட்ட குடியிருப்பு. கரும்பாலையோடு உறவு அற்ற முதல் தலைமுறை வீடுகள் பல இங்கே அமைந்தன. அன்று மஞ்சள் வெல்லத்தைத் தேர்ந்த அதே வீடுகள் இன்று கறுத்த வெல்லம்தான் சுத்தம் என்று கேட்டு வாங்குகின்றன. நோக்கம் நல்லது, அளவுகோல் மாறவில்லை. அடிபிடித்த பாகும் கறுப்பு, உப்பு நிலத்துக் கரும்பும் கறுப்பு, சீனி கலந்து தீய்த்ததும் கறுப்பு.

அஞ்ச வேண்டியதன் அளவையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய விதி, ஹைட்ரோஸால் வெல்லத்தில் எஞ்சும் கந்தக டைஆக்சைடைக் கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 10.5 மில்லிகிராம். விதிக்குள் அடங்கிய வெல்லமானால் 150 கிராம் தின்றால்தான் அந்த வரம்பைத் தொடும். கைப்பிடிக் கணக்கில் கொட்டிய வெல்லத்துக்கு இந்த ஆறுதல் கிடையாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் குறைந்த அளவு சல்ஃபைட்டே மூச்சுத்திணறலைத் தூண்டும்.

இன்னொரு சான்று முழுமையாக ஆராயப்படாமல் இருக்கிறது. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச் சர்க்கரையைத் தேவஸ்தானம் கவுந்தப்பாடி ஏலத்தில் வாங்குகிறது. பஞ்சாமிர்தத்தில் கலந்து கறுக்கப்போகும் சர்க்கரைக்கு மஞ்சள் நிறம் ஏன் வேண்டும்? என் வாதம் சரியானால், அதே கூடத்தில் தேவஸ்தானம் எடுத்த மூட்டைகளுக்கும் வெளியூர் வியாபாரிகள் எடுத்தவற்றுக்கும் இடையே நிறத்துக்காகக் கொடுத்த விலை வித்தியாசம் வேறுபட்டிருக்க வேண்டும். அந்த விலைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், நிறத்துக்கு விலை ஏறத் தொடங்கிய பத்தாண்டையாவது குறிக்க முடியும். ஹைட்ரோஸ் வந்த காலத்தை நான் தேடுவது அதன் அருகில்தான்.