பெயருக்கென விட்ட இடம்

நண்பரை வாழ்த்த வேண்டும் என்னும் ஆவலே அச்சிட்ட வாழ்த்து அட்டையைத் தோற்றுவித்தது என நாம் எண்ணுகிறோம். வரலாறு கூறுவதோ வேறு. அதனைத் தோற்றுவித்தது நேரமின்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மடல் அனுப்புவது செலவு மிகுந்த செயல். தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் விதித்தனர். பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்த வேண்டியிருந்தது. 1840-இல் ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் நாடெங்கும் ஒரே சீரான ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. எளியோரும் மடல் எழுதலாயினர். மடல்கள் பெருகின; மறுமொழி எழுதும் கடமையும் உடன் பெருகிற்று.

அச்சீர்திருத்தத்தில் ஹில்லுக்குத் துணைநின்றவர் ஹென்றி கோல். 1843-இல் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியபோது, நண்பர் அனைவருக்கும் தனித்தனியே மடல் வரைய அவருக்கு நேரமில்லை. ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் படமொன்று வரையச் சொன்னார். நடுவில் விருந்துண்ணும் குடும்பம். ஒருபுறம் பசித்தோர்க்கு உணவளித்தல். மறுபுறம் ஆடையற்றோர்க்கு ஆடை வழங்கல். ஏறத்தாழ ஆயிரம் படிகள் கல்லச்சில் அச்சாயின. வண்ணம் கையால் தீட்டப்பட்டது. ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். பன்னிரண்டு மடல்களை அஞ்சலில் சேர்க்க அத்தொகை போதும்!

அந்த அட்டையில் பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. ஆயிரம் பேருக்குப் பொதுவான தாள், அச்சிறு இடத்தில்தான் ஒருவருக்கே உரியதாயிற்று.

கையால் செய்துவிட்டால் மட்டும் போதுமோ? 1840-களின் இறுதியில், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், எஸ்தர் ஹவ்லண்ட் என்னும் இளம்பெண் வாலண்டைன் வாழ்த்து அட்டைகள் செய்து விற்கத் தொடங்கினார். தோழியர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்தனர். ஒருவர் மலர்ப்படங்களை வெட்ட, மற்றவர் பின்னல்தாளில் அவற்றை ஒட்டினர். அழகிய கைவேலைதான். எனினும், பெறப்போகிறவர் யாரென்று அக்கைகள் அறியா.

நம் நாட்டில் அஞ்சலட்டை 1879-இல் கால் அணா விலையில் அறிமுகமாயிற்று. அலைபேசி பரவுவதற்கு முன், தை பிறக்குமுன்னே தமிழகக் கடைகளில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் வரிசையாகத் தொங்கின. அவற்றை வாங்கக் காசில்லாத மாணவர், சாதாரண அஞ்சலட்டையிலேயே பானையும் கரும்பும் வரைந்து நண்பருக்கு அனுப்பினர். பானை சற்றே சாய்ந்திருக்கும். கரும்பு பானையினும் பருத்திருக்கும். ஆயினும், அதை வரைந்த அரைமணிப் பொழுதும் வரைந்தவன் மனத்தில் ஒரே ஒரு முகம் இருந்தது. அவனுக்குப் பிடித்த வண்ணம் எது, எதைக் கண்டால் சிரிப்பான் என்று எண்ணியவாறே கை இயங்கிற்று. கடையில் வாங்க முடியாதது அந்த அரைமணி அன்றோ?

இன்று ஒரு விரல் அசைவில் நூறு பேருக்கு வாழ்த்து செல்கிறது. கோல் தேடிய வசதி முழுமையாகக் கிட்டிவிட்டது. பெயர் எழுத அவர் விட்டுவைத்த இடமோ பல வேளைகளில் மறைந்துவிட்டது. நூறு பேருக்கும் கையால் அட்டை செய்வது எவர்க்கும் இயலாது. ஒருவருக்குச் செய்ய இயலும். நெடுநாள் மடல் காணாத நண்பர் ஒருவரை நினைவுகூருங்கள். தடித்த தாள் ஒன்றை மடியுங்கள். படம் வரையுமுன் அவர் பெயரை முதலில் எழுதுங்கள். என்ன வரையலாம் என்பது பின்னர் தானே விளங்கும்.