காரில் ஏசி காத்து குறைஞ்சிடுச்சா? கேஸ் நிரப்பும் முன் இந்த ஃபில்டரை ஒருமுறை பாருங்க!

புளோயரை 4-ல் வெச்சாச்சு. சத்தம் மட்டும் 'உஷ்'னு பலமா வருது, முகத்தில் படுற காத்து என்னவோ 1-ல் வெச்ச மாதிரிதான் இருக்கு. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டி புடவைத் தலைப்பால் விசிறிக்கிட்டு இருக்காங்க. "ஏசி கேஸ் தீர்ந்துபோச்சு போல, நாளைக்கு ஷெட்டில் விடணும்" என்ற முடிவுக்கு வந்துடுவோம்.

கொஞ்சம் பொறுங்க. காத்து குறைவா வர்றதுக்கும் கேஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு ஃபில்டர் அடைச்சிருக்கவே வாய்ப்பு அதிகம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, நாமளே எப்படி மாத்துவது என்பதைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப் போறோம்.

காத்து வரலையா, குளிர்ச்சி வரலையா?

முதலில் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். மெக்கானிக்கிட்ட போய் "ஏசி சரியில்லைண்ணா"ன்னு மொட்டையா சொன்னா, செலவு எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம்.

காத்து வேகமா வருது, ஆனா குளிரலை என்றால் கேஸ் குறைவு, கம்ப்ரஸர், கண்டன்ஸர் போன்ற பக்கம் பிரச்னை இருக்கலாம்.

குளிர்ச்சி இருக்கு, ஆனா காத்தே மெதுவாத்தான் வருது என்றால் ஃபில்டர், புளோயர், காத்து போகும் பாதை என இந்தப் பக்கம் பார்க்கணும். இங்கே கேஸ் நிரப்பினாலும் காத்தின் வேகம் கூடாது. காத்தைத் தள்ளுவது புளோயர் என்ற மின்விசிறிதான், கேஸ் இல்லை.

இன்னொரு விஷயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகாது. அது மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டே இருக்கும். பல வருஷத்தில் சிறிதளவு கசியலாம். ஆனா வருஷா வருஷம் கேஸ் குறையுதுன்னா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் நிரப்பினா ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்துற கதைதான்.

கேபின் ஃபில்டர்னா என்ன?

இன்ஜினுக்கு ஒரு ஏர் ஃபில்டர் இருக்கும், அது வேற. நாம உள்ளே சுவாசிக்கிற காத்தை வடிகட்டுவதுதான் கேபின் ஃபில்டர். கடைகளில் 'ஏசி ஃபில்டர்'னு கேட்டாலே எடுத்துக் கொடுப்பாங்க. மடிப்பு மடிப்பா, விசிறி மாதிரி மடிச்ச ஒரு செவ்வகத் தட்டு போல இருக்கும்.

ரோட்டுத் தூசி, மகரந்தம், பூச்சி, காய்ந்த இலை எல்லாத்தையும் இது பிடிச்சு வெச்சுக்கும். வேலையை ஒழுங்கா செய்யச் செய்ய, மடிப்புகள் அடைச்சுக்கிட்டே வரும். ஒரு கட்டத்தில் தூசியோடு சேர்த்துக் காத்தையும் நிறுத்திடும். ஒரே நாளில் நடக்காம மெல்ல மெல்ல நடப்பதால் நமக்கும் தெரியாது. புளோயரை 2-ல் வெச்சு ஓட்டினவங்க 3-க்குப் போவாங்க, அப்புறம் 4-க்குப் போவாங்க.

எப்போ மாத்தணும்?

மாடலைப் பொறுத்து இது மாறும். உங்க காரின் கையேட்டில் சொல்லியிருப்பதே சரியான கணக்கு. பொதுவா 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள், அல்லது வருஷத்துக்கு ஒரு முறை மாத்தச் சொல்வாங்க. மெட்ரோ, மேம்பாலப் பணி நடக்கும் சாலையில் தினமும் போறவங்க, மண் ரோட்டில் ஓட்டுறவங்க, வேப்ப மரத்தடியில் காரை நிறுத்துறவங்க இன்னும் சீக்கிரமே பார்க்கணும்.

நாமளே மாத்துவது எப்படி?

நம்ம ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இந்த ஃபில்டர், முன் சீட் பயணிக்கு எதிரே இருக்கும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். சில மாடல்களில் டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்திலும், சிலதில் பானெட்டைத் திறந்தால் முன்கண்ணாடிக்குக் கீழேயும் இருக்கும். சில பழைய, விலை குறைந்த வேரியன்ட்களில் ஃபில்டரே இருக்காது. அதனால் வாங்குவதற்கு முன் கையேட்டைப் பாருங்க. ஃபில்டர் வாங்கும்போது மாடல் பெயரோடு, எந்த வருஷத்து வண்டி என்பதையும் சொல்லிக் கேளுங்க. ஒரே பெயரில் வந்த காரிலும் அளவு மாறும்.

க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும் கார்களில் செய்ய வேண்டியது இதுதான்:

1. இன்ஜினையும் புளோயரையும் ஆஃப் பண்ணுங்க. க்ளவ் பாக்ஸில் இருக்கும் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வெளியே வையுங்க.

2. க்ளவ் பாக்ஸைத் திறந்து, ஒரு பக்கமா சின்ன கம்பி அல்லது கயிறு போல ஒரு ஸ்டாப்பர் இருக்கான்னு பாருங்க. இருந்தா மெதுவா கழட்டுங்க.

3. பாக்ஸின் ரெண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமா அழுத்தினா அது கீழே இறங்கி வரும். வரலைன்னா முரட்டுத்தனமா இழுக்காதீங்க, சில மாடல்களில் ஸ்க்ரூ இருக்கும்.

4. உள்ளே நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். ஓரத்துக் கிளிப்பை அழுத்தி மூடியை எடுங்க.

5. ஃபில்டரை வெளியே இழுக்கும் முன், அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுதுன்னு மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பிறகு சாய்க்காம, தூசி உள்ளே கொட்டாம இழுங்க.

6. உள்ளே இருக்கும் இலை, தூசியை வேக்குவம் கிளீனரிலோ ஈரத் துணியிலோ எடுங்க.

7. புது ஃபில்டரை அதே அம்புக்குறி திசையில் நுழைச்சு மூடியைப் போட்டு, க்ளவ் பாக்ஸை மாட்டுங்க.

பழைய ஃபில்டரையே யாராவது தலைகீழா மாட்டியிருந்தா என்ன பண்றது? அதுக்கும் ஒரு வழி இருக்கு. அழுக்கு எந்தப் பக்கம் அப்பியிருக்கோ, அந்தப் பக்கமாத்தான் காத்து உள்ளே வருது. அழுக்குப் பக்கத்தில் இருந்து சுத்தமான பக்கத்தை நோக்கி அம்புக்குறி இருக்கணும்.

ஒரு எச்சரிக்கை: டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறத்தில் கனெக்டர், ஒயர் தெரிந்தால் தொடாதீங்க. அவை பொதுவா ஏர்பேக் சம்பந்தப்பட்டவை.

மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு டிஷ்யூ பேப்பரை ஏர் வென்ட் முன்னாடி, அதே புளோயர் வேகத்தில் பிடிச்சுப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம்னு அதுவே சொல்லிடும்.

கழுவிப் போடலாமா?

காகிதம் மாதிரி இருக்கும் சாதாரண ஃபில்டரைத் தண்ணியில் கழுவக் கூடாது. இழைகள் பாழாகும், ஈரம் தங்கினா பூஞ்சை வாடையும் வரும். பங்க்சர் கடை கம்ப்ரஸரில் பலமா காத்தடிச்சா ஃபில்டர் கிழியவும் வாய்ப்பு உண்டு. லேசா தட்டித் தூசி எடுப்பது அவசரத்துக்கு ஓகே, நிரந்தரத் தீர்வு இல்லை. 'கழுவலாம்'னு குறிப்பிட்டு விற்கும் வகைக்கு மட்டும் இதில் விதிவிலக்கு.

ஃபில்டரே இல்லாம ஓட்டினா காத்து நல்லா வருமே என்று சிலர் கேட்பாங்க. வரும்தான். ஆனா அந்தத் தூசி எல்லாம் போய் ஈரமா இருக்கும் கூலிங் காயிலில் ஒட்டிக்கும். அதைச் சுத்தம் பண்ண பல கார்களில் டேஷ்போர்டையே கழட்ட வேண்டி வரும்.

கடையில் கரி கலந்த கார்பன் ஃபில்டரும் கிடைக்கும். அது புகை நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனா எந்த கேபின் ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைத் தடுக்காது. அதனால் மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விட்டு, ஏசி போட்டுத் தூங்குவது எப்போதுமே ஆபத்துதான்.

மாத்தியும் காத்து வரலையா?

அறிகுறியை வெச்சே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

கடைசி வேகத்தில் மட்டும் காத்து வருது, 1, 2, 3-ல் வரலைன்னா, பெரும்பாலும் புளோயர் ரெசிஸ்டர் என்ற சின்ன பாகம் போயிருக்கும். எந்த வேகத்திலும் சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், புளோயர் மோட்டாரைப் பார்க்கணும்.

கிளம்பும்போது நல்லா வருது, ஒரு மணி நேரம் ஓட்டினதும் காத்து குறையுது, ஏசியை அணைச்சுக் கொஞ்ச நேரம் விட்டா திரும்ப வருதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். அடைச்ச ஃபில்டரும் இதுக்குக் காரணம் ஆகும், கேஸ் குறைவும் காரணம் ஆகும். அதனால ஃபில்டரை முதலில் மாத்திட்டு, அப்புறமும் தொடர்ந்தா கேஸ் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்க.

உள்காத்து மோடில் நல்லா வருது, வெளிக்காத்து மோடில் குறையுதுன்னா, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கத்தில் இருக்கும் காத்துத் துளைகளை இலை, பூ அடைச்சிருக்கலாம்.

'டரடர'ன்னு சத்தம் வந்தா, புளோயருக்குள் ஏதாவது சிக்கியிருக்கும். மழைக்காலத்தில் எலி கூடு கட்டுவதும் சகஜம். எலிப் புழுக்கை, கடிச்ச ஃபில்டர் தெரிந்தால் கையுறை, மாஸ்க் போடாம தொடாதீங்க. எலியின் சிறுநீர் மூலம் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் பரவும்.

மழையில்தான் இது முக்கியம்

வெயிலில் காத்து குறைந்தால் வியர்வையோடு போயிடும். மழையில் அப்படி இல்லை. நாலு பேர் உட்கார்ந்த காரில், மூச்சுக்காத்தின் ஈரம் முன்கண்ணாடியில் பனி மாதிரி படியும். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சும், புளோயர் உலர்ந்த காத்தைக் கண்ணாடி மேல் அடிக்கும். ஃபில்டர் அடைச்சிருந்தா அந்தக் காத்து போதாது, எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெறும் மங்கலான வெளிச்சமாத்தான் தெரியும். பலர் ஒரு கையில் துணியால் துடைச்சுக்கிட்டே ஓட்டுவாங்க. அந்த நேரத்தில் ஏசியை ஆன் பண்ணி, வெளிக்காத்து மோடுக்கு மாத்தி, காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்புவதே சரி. அதுக்குக் காத்து வரணும், அதனால வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னாடியே ஃபில்டரைப் பார்த்துடுங்க.

ஷெட்டில் கேட்க வேண்டியது

நாமளே செய்ய நேரம் இல்லைன்னா பரவாயில்லை. ஷெட்டில் விடும்போது "குளிர்ச்சி இருக்குண்ணா, காத்துதான் குறைவு. முதலில் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க"ன்னு தெளிவா சொல்லுங்க. கழட்டின பழைய ஃபில்டரைக் கண்ணால் பாருங்க. கேஸ் போடணும்னு சொன்னா, லீக் எங்கே இருக்குன்னு கேளுங்க. இந்த ரெண்டு கேள்வி கேட்டாலே தேவையில்லாத பில் பாதி குறைஞ்சிடும்.