தாய்மாரின் கேள்வியும் நமது சித்திரங்களும்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலைத் தாண்டி ஏ-9 வீதியால் போகும்போதெல்லாம் எனக்குப் புறநானூறு நினைவுக்கு வரும். காரணம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் அந்தக் கோயில் முன்றலில்தான், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் பிள்ளைகளின் படங்களோடு குந்தினர். நான்கு நாளில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. 2022 ஓகஸ்டில் 2000 நாள் கடந்தது.

புறநானூற்றுத் தாய் என்றதும் நமக்கு நினைவு வருபவள் 279ஆம் பாட்டின் தாய். வீட்டு ஆண்களைப் போரில் இழந்தபின்னும், ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் பூசி, வேல் கொடுத்து அனுப்பியவளாக ஒக்கூர் மாசாத்தியார் அவளைப் பாடினார். மேடைதோறும் அவளைக் கேட்டிருப்பீர்கள். அதே நூலில்தான் கோவூர்கிழாரும் இருக்கிறார். இரு சோழர் பொருதும்போது, இருவர் மாலையும் ஆத்திதானே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியல்லவா என்று 45ஆம் பாட்டில் இடித்துரைக்கிறார். 46இல், யானைக்கு இடப்படவிருந்த மலையமானின் மக்களுக்காகக் கிள்ளிவளவனிடம் வாதாடுகிறார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய கூட்டத்தைக் கண்டு மருளும் சின்னஞ்சிறுசுகள் அவர்கள். அந்தப் பாட்டை மேடையில் நான் கேட்டதேயில்லை.

போரைத் தடுக்க எழுந்த குரலை எப்படி வரைந்து வைத்திருக்கிறோம் என்ற கேள்வி இங்குதான் தொடங்குகிறது. என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பெண் கேட்டது அந்தச் சித்திரத்தில் இருக்கிறதா?

மட்டக்களப்பு மாமாங்கத்தில் 1988 மார்ச் 19இல் உண்ணாவிரதம் இருந்த அன்னை பூபதி கேட்டவை இரண்டு. இந்தியப் படை போரை நிறுத்தவேண்டும். புலிகளுடன் பேச்சு நடத்தவேண்டும். ஏப்ரல் 19இல் உயிர் பிரிந்தது. புலிகள் அந்த நாளை நாட்டுப்பற்றாளர் நாளாக்கினர். வன்னியில் அவர் படத்துக்கு மாலையிட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. கோரிக்கைகள் உரைகளில் வந்தன. மனதில் நின்றதோ அவர் மாண்ட விதம். மறுபக்கத்தில் சிலர் அவரை இயக்கத்தின் கருவி என்று எழுதி முடித்துவிட்டனர். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவள் துவக்குகளைப் பார்த்து நிறுத்து என்றதற்கு அந்த எழுத்தில் இடமில்லை. எனக்கு இரண்டும் போதவில்லை. இரண்டாவது கூடுதலாகக் கசக்கிறது.

இதற்கு முன், 1984இல், கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரி யாழ்ப்பாணத் தெருவில் இறங்கியது அன்னையர் முன்னணி. 'முறிந்த பனை'யில் ராஜனி திராணகம அதன் எழுச்சியையும் எழுதினார், பின்னர் அது வேகமிழந்ததையும் எழுதினார். தாய்மாரைத் தெய்வமாக்காத எழுத்து அது. அதனாலேயே நம்பத் தோன்றுகிறது.

கிளிநொச்சிப் பந்தலுக்கு வந்த படப்பிடிப்பாளர்கள் பெரும்பாலும் அழும் முகத்தையே தேடினர். வவுனியாவில் அமெரிக்கக் கொடி பிடித்தபோது, கொடியே செய்தியானது. 2009 மேயில் எங்கள் கண்முன்னே சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் தா என்ற கேள்வி, படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் போயிற்று.

ஆர்ஜென்ரீனாவில் 1977 ஏப்ரல் 30இல் மே சதுக்கத்தில் கூடிய தாய்மாரை, அந்நாட்டு இராணுவ ஆட்சி பைத்தியக்காரிகள் என்றது. அவ்வாண்டு டிசெம்பரில் அவர்களின் முன்னோடி அசுசேனா வில்லாபுளோரையே காணாமலாக்கியது. 2005இல் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. இருபத்தெட்டு ஆண்டு.

கோவூர்கிழாரின் 46ஆம் பாட்டுக்கு ஒரு பழைய அடிக்குறிப்பு உண்டு. யார் யாரை நோக்கிப் பாடியது என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகள் உய்ந்தார்கள் என்பதையும் அது பதிந்து வைத்திருக்கிறது. பந்தலில் தொங்கும் படங்களின் கீழே பெயரும் காணாமற்போன திகதியும் மட்டும் உள்ளன.